குறுக்கே வராத நாய்

கற்பிட்டி வீதியில் ஜபார் வாகனம் ஓட்டத் தொடங்கி இருபத்தாறு வருடமாகிறது. இந்த இருபத்தாறு வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்பது அவர் வாயாலேயே ஊருக்குத் தெரிந்த சங்கதி. எங்காவது விபத்து என்று யாராவது வாயெடுத்தால் போதும், அந்தக் கோழிக்குஞ்சைக் கொண்டுவந்து நடுவில் விட்டுவிடுவார். கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள்கூட அதை மறுத்துப் பேசியதில்லை, ஏனென்றால் அது உண்மை.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், பதினான்கு வயதுப் பொடியனாக, உம்மா வாப்பாவோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர் அவர். உடுத்த சாரம் மட்டும்தான் சொத்து. முதலில் ஓலைக் கொட்டில், பிறகு தகரக் கொட்டில், பிறகு ஆலங்குடாவில் ஒரு கல்வீடு. நுரைச்சோலைத் தோட்டங்களில் வெங்காயம் ஏற்றும் ட்ரக்டரில் ஸ்டியரிங் பிடிக்கப் பழகினார். உப்பு லொறி ஓட்டினார், ஹோட்டல் வேன் ஓட்டினார், நாற்பத்தாறு வயதில்தான் சொந்தமாக ஒரு கார் வாங்கினார். 'நேத்து வந்தவன்' என்று முதுகுக்குப் பின்னால் சொன்ன ஊர், 'ஜபார் காக்கா சொன்னா சரி' என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வதற்கு முப்பது வருடம் எடுத்தது. வீடு வளவு எல்லாவற்றையும்விட அவர் பெரிதாக நினைத்தது அந்த ஒரு பேச்சைத்தான்.

கார் ஜப்பான் கார். அங்கே கொஞ்சம், பிறகு கொழும்பில் ஒருவர் கையில் கொஞ்சம் ஓடி இவரிடம் வந்தது. பொத்தானை அமத்தியதும் ஒரு பெண்பிள்ளை ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்லும். என்ன சொல்கிறாள் என்று ஆலங்குடாவில் ஒருவருக்கும் தெரியாது. காலையில் பேசுகிறவள் நல்லதைத்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டு ஜபார் அவளுக்கு ஒவ்வொரு நாளும் பதில் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். முன் கண்ணாடியின் மேலே ஒரு கமரா, முன் இலச்சினைக்குப் பின்னால் ஒரு ராடார். எதிரே ஏதும் வந்தால், ஓட்டுகிறவர் மிதிக்காவிட்டாலும் கார் தானாகவே பிரேக் பிடித்துவிடும். உயிரைக் காக்கிற ஏற்பாடு என்று கொழும்புக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்.

ஆலங்குடாச் சந்தியில் வாடகைக்கு ஓடும் ஹயர் வாகனங்கள் நிற்கிற இடத்தில் இப்படிப்பட்ட கார்கள் நாலைந்து சேர்ந்துவிட்டன. அவற்றின் குறைகளைச் சொல்வதுதான் அங்கே அன்றாடப் பொழுதுபோக்கு. நஸீமின் குறை எப்போதும் முதலில் வரும்.

"எண்ட கார் மாட்டக் கண்டா புடிக்கிது, சரி. நேத்து பொலித்தீன் பேக் ஒண்டு பறந்து வந்திச்சி, அதுக்கும் மூக்குக் குத்தி நிண்டிட்டுது. பின்னால இருந்த வெள்ளக்காரிட கோப்பி எல்லாம் எண்ட முதுகுல."

"எண்டது கோட்டத் தேடிக் கத்துது," என்பார் முபாறக். "இந்த ரோட்டுல கோடு எங்க ஈக்குது? மணல்தான் ஈக்குது. வித்தவனுக்குப் போன் போட்டா, இது ஜப்பான் ரோட்டுக்குச் செஞ்சது, உங்கட ரோட்டத் திருத்துங்க எண்டுறான்."

ஜபார் மட்டும் தன் காருக்காக வழக்காடுவார். "ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் அது கத்தும். எண்ட கார் இண்டுவர ஒரு சத்தம் போட்டதில்ல." அதையும் அவர்கள் மறுத்துப் பேசவில்லை. ஜபார் காக்கா சொன்னால் சரிதானே.

இந்தக் கரையில் மே மாதம் சோளகக் காற்றுத் தொடங்கினால் செப்டம்பர்வரை ஓயாது. பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் பாய்கிற வெள்ளைக்காரர்கள் அந்தக் காற்றைத் தேடித்தான் ஆலங்குடாவுக்கு வருகிறார்கள். மோட்டார் சைக்கிளில் மீன் விற்கிறவர்களுக்கு அதே காற்று ஜென்மப் பகை. பின்னால் ரெஜிபோம் பெட்டி நிறைய மீனும் ஐஸும் இருக்கும். கடல் பக்கத்திலிருந்து ஒரு அடி அடித்தால் பெட்டி ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தெரிந்த வாகனம் ஒன்று முன்னால் போனால், அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, அதன் மறைவில் போவார்கள். ஆனால் யாருக்குப் பின்னாலும் இப்படி ஒட்ட முடியாது. முன்னால் ஓட்டுகிறவர் ஜன்னலால் கையை வெளியே போட்டு, கீழ்ப்பக்கமாக இரண்டு தரம் அசைத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டால் அதன்பிறகு அவர் சட்டென்று எதுவும் செய்யக் கூடாது. வேகம் குறைப்பதென்றாலும் முதலில் விரலை விரித்துக் காட்டிவிட்டுத்தான் குறைக்க வேண்டும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. எழுதி வைத்தால் எழுதினவனைப் பிடித்து உள்ளே போடுவார்கள். ஆனாலும் அந்த வீதியில் இது நடக்கிறது, அந்தக் கையை நம்பித்தான் நடக்கிறது.

இஸ்ஹாக் கண்டக்குளியில் மீன் எடுத்து நுரைச்சோலைப் பக்கம் வீடு வீடாக விற்கிறவன். முப்பத்தாறு வயது, அஸ்ரியா என்று மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். காலை ஏழு மணிக்கு ஜபார் பாலாவிக்கு வெறும் காரோடு போவார், பஸ்ஸில் வந்து இறங்கும் ஹோட்டல் வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வர. ஏத்தாளைச் சந்தியில் இஸ்ஹாக் அவருக்காகப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஜபாரின் கை வெளியே வரும், இரண்டு தரம் அசையும், அவன் வந்து ஒட்டிக்கொள்வான். மூன்று வருடச் சோளகம் இப்படியே போனது. நுரைச்சோலை வந்ததும் இரண்டு தரம் ஹோன் அடித்துவிட்டு விலகிப் போவான். வெள்ளிக்கிழமைகளில் ஜபாரின் மனைவி கமறியாவுக்கு என்று ஒரு பை பாரை மீன் வீட்டு வாசலில் தொங்கும். காசு வாங்கமாட்டான்.

கார் முதன்முதலில் காலை வாரியது மே மாதக் கடைசியில் ஒரு பின்னேரம். தலவிலவுக்குத் திரும்பும் இடம் தாண்டி, வீதி வெறிச்சென்று கிடந்தது. மாடில்லை, மனிதனில்லை. திடீரென்று கார் நின்றது. நெஞ்சில் பெல்ட் இறுக்கியது, அந்தப் பெண்பிள்ளை என்னவோ கெதியாகச் சொன்னாள். ஜபார் இறங்கிக் காரைச் சுற்றி வந்தார். ஒன்றுமில்லை. பின்னால் யாரும் வரவில்லை என்பதால் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு ஏறினார்.

இரண்டாம் தரம் காரில் ஆள் இருந்தார்கள். ஹோட்டல் வேலைக்காரர் மூன்று பேர், ஒருவனின் நெற்றி முன் இருக்கையில் போய் இடித்தது. "என்ன நாநா?" என்று கேட்டார்கள். ஜபாரின் வாயிலிருந்து யோசிக்காமலே ஒரு ஆடு குதித்தது. "ஆடு ஒண்டு பாய்ஞ்சது. காணல்லியா?" மூன்று பேரில் ஒருவன், "ஓம் ஓம், கண்ட மாதிரித்தான்," என்றான். ஜபாருக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளே ஒரு மாதிரியாகவும் இருந்தது.

புத்தளத்தில் ஒரு கராஜில் காட்டினார். கம்பியூட்டரைச் சொருகிப் பார்த்தவன் ஒரு பிழையும் காட்டவில்லை என்றான். இலச்சினையில் படிந்திருந்த உப்பைத் துணியால் துடைத்துவிட்டு, "கடற்கரைக் கார்தானே," என்றான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருப்பதையும் காட்டிக் கொடுத்தான். மூன்று செக்கன் அமத்திப் பிடித்தால் தானாகப் பிரேக் பிடிக்கிற வேலை நிற்கும். ஆனால் எஞ்சினை நிறுத்தி மறுபடி எடுத்தால் அது திரும்ப உயிர் பெற்றுவிடும். நிரந்தரமாக நிறுத்த வழியில்லை. ஓட்டுகிறவனை நம்பாமல் செய்த சாமான்.

சந்தியில் இதைப் பற்றி ஜபார் மூச்சுக் காட்டவில்லை. எப்படிக் காட்டுவது? அவ்வளவு பேருக்கும் ஓட்டத் தெரியாது என்று சொன்ன வாய் அது. ஒவ்வொரு காலையும் வீட்டு வாசலில் பொத்தானை மூன்று செக்கன் அமத்திப் பிடித்துவிட்டுப் புறப்பட்டார். இஸ்ஹாக்குக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவன் பயப்படுவான், பயந்தால் தனியாகக் காற்றில் போவான், எதற்கு என்று நினைத்துக்கொண்டார். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டில் பொத்தானை அமத்திவிட்டுத்தான் வந்தார். ஏத்தாளைச் சந்திக் கடையில் பாண் எடுக்கச் சொல்லிக் கமறியா சொல்லியிருந்தாள். காரை நிறுத்தி, இறங்கி, இரண்டு இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்து மறுபடி எடுத்தார். ஜப்பான்காரி பேசினாள். ஸலாம் சொன்னார். இஸ்ஹாக் நின்றுகொண்டிருந்தான், காற்று அவன் சேர்ட்டைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கையை வெளியே போட்டு இரண்டு தரம் அசைத்தார். பொத்தானின் நினைப்பே வரவில்லை.

மாம்புரி தாண்டியதும் வெட்டவெளி. ஐம்பதில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் வீதி துடைத்து வைத்தது போலக் கிடந்தது. கார் பிடித்தது. அது பிடித்ததும் பின்னால் அந்தச் சத்தம் கேட்டதும் ஒன்றாக நடந்தது.

அவர் இறங்கிப் பார்த்தபோது வீதி முழுக்க மீன். இஸ்ஹாக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான், விழுந்தவன் போலவே இல்லை, உட்காரச் சொல்லி உட்கார்ந்தவன் போல. வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. "காக்கா, மீன்," என்றான். முதலில் அதைத்தான் சொன்னான். ஜபார் அவனை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். பின்னால் வந்த முச்சக்கர வண்டி ஒன்றில் ஏற்றி, மடியில் தலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கார் வீதி நடுவே கதவு திறந்தபடி கத்திக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் பொலிஸில் வாக்குமூலம் கேட்டார்கள். சேர்ட்டில் இஸ்ஹாக்கின் இரத்தம் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. எழுதிய கொன்ஸ்தாபல் இளம் ஆள், சிங்களம் மட்டும்தான் தெரியும். ஜபாருக்குச் சிங்களம் பேச வரும், எழுத்துத் தெரியாது. ஏன் பிரேக் பிடித்தீர்கள் என்று கேட்டான். நான் பிடிக்கவில்லை, கார்தான் தானாகப் பிடித்தது என்றார். கொன்ஸ்தாபல் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். கெட்டவனில்லை. மெதுவாக, வழி காட்டுகிறவன் போலக் கேட்டான்: "பல்லெக் பென்னத, மாமே?" நாய் பாய்ந்ததா, மாமா?

ஜபார் தலையை ஆட்டினார். ஒரே ஒரு தரம். மறுப்பதற்குத் தெம்பில்லாமல் ஆட்டினாரா, அந்தக் கதை வசதியாக இருந்தது என்று ஆட்டினாரா என்று பிறகு எத்தனையோ தரம் தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறார். காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்து வைத்தார்.

அவருடைய மகள் ஷிம்லா பிரதேச செயலகத்தில் வேலை பழகுகிறாள், சிங்களம் நன்றாக வாசிப்பாள். காப்புறுதிக்காக எடுத்த பிரதியை நான்கு நாள் கழித்து அவள்தான் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்துச் சொன்னாள்.

"பழுப்பு நெற நாய் ஒண்டு இடது பக்கம் பத்தையிலேருந்து வலது பக்கம் பாய்ஞ்சதால, நான் பிரேக் புடிச்சேன். எனக்குப் பின்னால வந்த மோட்டார் சைக்கிள் போதிய தூரம் விடாம வந்து மோதிச்சி." வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "பழுப்பு நாயா வாப்பா?"

நாய்க்கு நிறம் வந்துவிட்டது, புதர்ப் பத்தை வந்துவிட்டது, போகிற திசையும் வந்துவிட்டது. இனி அதை வீதியிலிருந்து விரட்டுவது லேசில்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். இஸ்ஹாக்கின் காலுக்குள் கம்பி வைத்துத் தொங்கப் போட்டிருந்தார்கள். அஸ்ரியா கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். ஜபார் வாங்கிப் போன தோடம்பழத்தைக் கட்டிலில் வைத்தார்.

"காக்கா, அந்த நாய் எந்தப் பக்கத்தால வந்திச்சி?" என்று கேட்டான் இஸ்ஹாக். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "பொலிஸ் வந்து சொன்னாங்க. நான் காணவே இல்ல. ஒங்கட காருக்குப் பின்னால நிண்டா எனக்கு என்ன தெரியும். நீங்க கண்டா சரிதான்."

ஜபார் தோடம்பழம் ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

"இன்னொண்டு காக்கா." குரலைத் தாழ்த்தினான். "நீங்க கை காட்டிக் கூப்பிட்டத நான் பொலிஸுக்குச் சொல்லல்ல. நானாத்தான் ஒட்டி வந்தேன் எண்டு சொல்லிட்டேன். நீங்களும் வாயத் தொறந்துராதீங்க. ஒங்கட லைசன் போயிரும்."

அன்று வீட்டுக்கு வந்து குளித்தார். குளித்துவிட்டு மறுபடி குளித்தார். கமறியா துவாயோடு வாசலில் நின்று என்ன என்று கேட்டதற்கு, உப்புக் காற்று என்றார்.

சந்தியில் எல்லாரும் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். நஸீம் அந்த நாயைத் தானும் பார்த்திருப்பதாகவே சொன்னான், மாம்புரிப் பக்கம் அப்படி ஒரு பழுப்பு நாய் திரிகிறதாம், வாலில்லாததாம். பொய் சொல்லவில்லை அவன். நண்பனுக்காக உண்மையாகவே அந்த நாயை நினைவில் கொண்டுவந்துவிட்டான். ஜபார் எழுந்து காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

காரை விற்ற கொழும்புக்காரரிடமும் முறையிட்டுப் பார்த்தார். அவர், காரை இறக்குமதி செய்தவர்களின் போன் இலக்கம் ஒன்று கொடுத்தார். அந்த இலக்கத்தில் பேசியவன் மரியாதையாகத்தான் பேசினான். "ஐயா, கம்பியூட்டர்ல பிழை ஒண்டும் பதியல்லண்டு நீங்களே சொல்றீங்க. நீங்க மிதிக்கல்லண்டு நிச்சயமாத் தெரியுமா? சில நேரம் நமக்கே தெரியாம கால் போகும்." ஜபார் போனை வைத்துவிட்டுத் தன் வலது காலைப் பார்த்தார். இருபத்தாறு வருடம் அவர் சொன்னதைக் கேட்ட கால். இல்லை, மிதிக்கவில்லை. அது மட்டும் நிச்சயம். ஆனால் அந்த நிச்சயத்தை எடுத்துக் காட்ட ஒரு சாட்சியும் உலகத்தில் இல்லை, அவர் கையெழுத்தே எதிர்ச் சாட்சி.

இஸ்ஹாக்மேல் வழக்குப் போட்டார்கள், தூரம் விடாமல் கவனயீனமாக ஓட்டியதென்று. குற்றத்தை ஒத்துக்கொண்டால் ஒரே தவணையில் முடியும், ஆனால் லைசனை ஒரு வருடத்துக்கு நிறுத்துவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒத்துக்கொள்வது என்று அவன் முடிவு எடுத்துவிட்டான். ஒரு வருடம் மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் அந்த வீட்டில் என்ன இருக்கும் என்று ஜபாருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

வழக்கன்று காலை உடுத்திக்கொண்டு நின்றவரைக் கமறியா மறித்தாள். ஆடு, நாய், பொத்தான் எல்லாவற்றையும் முந்திய நாள் அவளிடம் சொல்லியிருந்தார்.

"அவன் ஒத்துக்கிட்டா அதோட முடியுது. ஒங்கள யாரும் கூப்பிடவும் இல்ல. நீங்களாப் போய் வாயத் தொறந்தா ஒங்கட பேரென்ன ஆகும்?"

"பேரா?" என்றார் ஜபார். "அந்தப் பேருக்கு இப்ப ஒரு நாய்தான் காவல் நிக்கிது."

கமறியா அழுதாள். ஆனால் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

நீதிமன்றத்தில் இஸ்ஹாக் ஊன்றுகோல் இரண்டையும் பிடித்துக்கொண்டு கூண்டில் நின்றான். குற்றப் பத்திரிகையை வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லிவிட்டு, குற்றவாளியா, குற்றமில்லாத சுற்றவாளியா என்று கேட்டார். இஸ்ஹாக் வாயைத் திறக்கப் போனான்.

ஜபார் பின்வரிசை வாங்கிலிருந்து எழுந்து நின்றார். காவல் நின்ற பொலிஸ்காரர் உட்காரும்படி கையைக் காட்டினார். உட்கார்ந்துவிடலாம் என்று கால் சொன்னது, அதையும் உணர்ந்தார்.

"நாய் ஒண்டும் வரல்ல," என்றார். தான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

நீதவான் நிமிர்ந்து பார்த்து, யார் இது என்று கேட்டார். சொன்னார்கள். முறை தவறிப் பேசியதற்கு முதலில் ஒரு ஏச்சு. பிறகு சாட்சிக் கூண்டுக்கு அழைத்துச் சத்தியம் வாங்கினார்கள். அதன்பிறகு ஜபார் நிறுத்தவில்லை. நாய் வரவில்லை, நான் தலையை ஆட்டினேன், எழுத்து வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்தேன் என்றார். இந்தப் பிள்ளை தானாக ஒட்டி வரவில்லை, நான்தான் கை காட்டிக் கூப்பிட்டேன் என்றார். கூண்டிலிருந்து இஸ்ஹாக் வேண்டாம் என்று தலையை அசைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டேதான் மற்றதையும் சொன்னார். கார் அதற்கு முன்னமும் இரண்டு தரம் தானாகப் பிடித்தது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அதை நிறுத்தி வைத்துத்தான் ஓடினேன். அன்றைக்குப் பாண் வாங்க இறங்கி ஏறினதில் நிறுத்த மறந்துபோனேன். இவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்படியானால் பிரேக்கை அமத்தியது யார்?" என்று நீதவான் கேட்டார்.

"கார் சேர்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. இஸ்ஹாக்கின் லைசனைத் தொடக் கூடாது என்றார், காரைப் பரிசோதகரிடம் அனுப்பச் சொன்னார், ஜபாரிடம் புதிதாக வாக்குமூலம் எடுத்து வேறு வழக்குப் பதியச் சொன்னார். எல்லாம் கால் மணித்தியாலத்தில் முடிந்தது. ஜபாருக்கு உடம்பில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

வெளியே அஸ்ரியா முச்சக்கர வண்டி தேடப் போயிருந்தாள். இஸ்ஹாக் வாகை மரத்தடியில் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றான். ஜபார் பக்கத்தில் போனார். நன்றி சொல்வான் என்று எதிர்பார்க்கவில்லை, ஏசினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனார்.

"மிந்தியும் ரெண்டு தரம் புடிச்சிச்சா காக்கா?" என்று கேட்டான்.

"ஓம்."

"சொல்லியிருந்தா நான் பின்னால வந்திருக்க மாட்டேனே," என்றான். அவ்வளவுதான். வண்டி வந்ததும், ஏறும்போது அவன் கையைப் பிடித்து உதவியவர் ஜபார்தான். அவன் அதை மறுக்கவில்லை.

காரைப் பரிசோதித்தவர்கள் பிழை ஒன்றும் இல்லை என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். ஜபார்மேல் போட்ட வழக்கில் தண்டப்பணமும் ஆறு மாத லைசன் தடையும் கிடைத்தன. அந்த ஆறு மாதமும் சந்தியில் வெறுமனே குந்தியிருந்தார். கோழிக்குஞ்சுக் கதையை அதன்பிறகு அவர் சொல்லி யாரும் கேட்கவில்லை. தங்கள் கார்களின் குறைகளைச் சொல்லும்போது நஸீமும் முபாறக்கும் இப்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள், மற்றபடி பழையபடிதான். 'ஜபார் காக்கா சொன்னா சரி' என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். சொல்லும்போது கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிற மாதிரி அவருக்குத் தோன்றுகிறது, அது அவருடைய பிரமையாகவும் இருக்கலாம்.

காரை விற்றுவிட்டார். வாங்கியவருக்கு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லித்தான் விற்றார், அவர் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். தடை முடிந்ததும் பழைய வேன் ஒன்று எடுத்தார். கமரா இல்லை, ராடார் இல்லை, பேசுகிற பெண்பிள்ளை இல்லை. கண்ணாடியை இறக்கக் கையால் சுற்ற வேண்டும். மிதித்தால் நிற்கும், மிதிக்காவிட்டால் நிற்காது.

அடுத்த வருடச் சோளகம் தொடங்கியது. ஜூன் மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஏத்தாளைச் சந்தியில் இஸ்ஹாக் நின்றான், புதுப் பெட்டி, அதே மோட்டார் சைக்கிள். கால் சேர்ந்துவிட்டது, இறங்கி நடக்கும்போது மட்டும் இழுக்கும். ஜபார் வேனை ஓரமாக நிறுத்தினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா," என்றான் இஸ்ஹாக், முகம் மலர்ந்து. உண்மையாகவே மலர்ந்தது. கமறியா ராத்தா சுகமா, ஷிம்லாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று கேட்டான். வெள்ளிக்கிழமை பாரை கொண்டுவந்து தருகிறேன் என்றான்.

காற்று அவன் பேச்சைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போனது. ஜபார் வேனை எடுத்தார். சந்தி தாண்டியதும் கையை வெளியே போட்டு, கீழ்ப்பக்கமாக இரண்டு தரம் அசைத்தார். கண்ணாடியில் பார்த்தார். மோட்டார் சைக்கிள் தள்ளித்தான் வந்தது. வேகத்தைக் குறைத்தார். அதுவும் வேகத்தைக் குறைத்தது. இன்னொரு தரம் கையை அசைத்துவிட்டு, தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"இது பழைய வேன் இஸ்ஹாக்! இதுல ஒண்டுமில்ல! நான் மிதிச்சாத்தான் நிக்கும்!"

"தெரியும் காக்கா!" என்று அவனும் கத்தினான். "நீங்க போங்க!"

மாம்புரி வெட்டவெளியில் கடல் காற்று அவனை அடித்தது. பெட்டி ஒரு பக்கம் சாய, வண்டியை மறுபக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சட்டம் சொல்கிற தூரத்தை ஒரு முழம்கூடக் குறைக்காமல் இஸ்ஹாக் வந்துகொண்டிருந்தான். ஜபார் அவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நுரைச்சோலை வந்தது. அவன் பழையபடி இரண்டு தரம் ஹோன் அடித்துவிட்டுத் திரும்பினான். அதுவரைக்கும் தன் கை வெளியேதான் தொங்கிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் ஜபாருக்குத் தெரிந்தது. அதை உள்ளே எடுத்துக்கொண்டார்.